கட்டி வைத்த கேமிங் பிசியா, நாமே கட்டுவதா: மஸ்கெலியாவிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் இரண்டரை லட்சம் ரூபாய் இருக்கிறது. கொழும்பில் ஒரு கடை, கட்டி முடித்த கேமிங் பிசி ஒன்றை 225,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டிருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்: கோர் ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050, 650 வாட் பவர் சப்ளை, ஆர்ஜிபி கேசிங், 3 வருட வாரண்டி. "யூடியூப்பில் எல்லாரும் சொந்தமாகக் கட்டினால் பாதி விலை என்கிறார்கள். நான் இதுவரை ஒரு கேசிங்கைக்கூடத் திறந்ததில்லை. வாலரன்டும் ஜிடிஏவும்தான் அதிகம் விளையாடுவேன். எது லாபம்?"

கேட்டது விலையைப் பற்றி. ஆனால் அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த விளம்பரத்தில் எழுதாமல் விட்டது என்ன? பழுதானால் மஸ்கெலியாவில் இருந்துகொண்டு என்ன செய்வது? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் லாபக் கணக்கு தானாக வந்துவிடும். நான் ஹட்டன் பக்கம் பல வருடமாகக் கம்ப்யூட்டர் திருத்துகிறேன். புது மெஷின் விற்பதில்லை, அதனால் எந்தக் கடைக்கும் நான் ஆள் பிடிக்கவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடுகிற மெஷினை யாரும் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கெட்டுப்போனதை மட்டுமே பார்க்கிறவனுக்கு உலகம் கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரியும். கீழே பவர் சப்ளை பற்றி நான் சொல்வதில் அந்தக் கறுப்பைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் படியுங்கள்.

பாதி விலைக் கதை நம் ஊருக்குப் பொருந்தாது. இது உறுதி. அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே பெரிய கம்பனிகள் பெட்டியைக் கட்டி, தங்கள் பெயரை ஒட்டி, அதற்கென்று ஒரு தொகையை மேலே வைத்து விற்கின்றன. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா மாதிரி இடங்களில் நடக்கும் வியாபாரம் வேறு. எல்லாச் சாமானையும் ஒரே கடையில் எடுத்தால் பெரும்பாலும் கட்டுவதற்குக் காசு கேட்கமாட்டார்கள், கேட்டாலும் சின்னத் தொகைதான். நீங்கள் ஸ்க்ரூ முடுக்குவதால் மிச்சமாவது அந்தச் சின்னத் தொகை மட்டும். இறக்குமதி வரி, 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதமான வற், டொலர் விலை எல்லாம் ரெடிமேட் பெட்டிக்கும் ஒன்றுதான், தனித்தனிச் சாமானுக்கும் ஒன்றுதான்.

சில நேரம் செட் விலை, தனித்தனியாகக் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைவாகக்கூட இருக்கும். கடைக்காரர் நட்டத்துக்கு விற்கிறார் என்று நினைக்க வேண்டாம். கடையில் நகராமல் கிடக்கும் மதர்போர்ட், யாரும் பெயர் சொல்லிக் கேட்காத பவர் சப்ளை, ஒற்றைக் குச்சி ரேம், இதெல்லாம் செட்டுக்குள் போய்விடும். வாங்குகிறவர் பார்ப்பது ஐ5 என்ற எழுத்தையும் ஆர்டிஎக்ஸ் என்ற எழுத்தையும் மட்டுமே என்று அவருக்குத் தெரியும். அது ஏமாற்று என்றும் சொல்லமாட்டேன். விளம்பரத்தில் பெயர் போட்ட சாமானுக்கு அவர் பொறுப்பு. பெயர் போடாததை விசாரிப்பது நம் வேலை. அதனால் அந்த விளம்பரத்தையே ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

கோர் ஐ5 என்பது மெஷினின் மூளையான புரொசசரின் பெயர். ஆனால் எந்த ஐ5? 2013இல் வந்த ஐ5-4570உம் ஐ5தான், 2022இல் வந்த ஐ5-12400உம் ஐ5தான். புரொசசருக்குள் வேலை செய்யும் பகுதிதான் கோர், அது ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யும் வேலைதான் த்ரெட். முதலாவதில் 4 கோர், 4 த்ரெட். இரண்டாவதில் 6 கோர், 12 த்ரெட். நடுவில் எட்டுத் தலைமுறை. ஐ7 என்று போட்டு 2011ஆம் ஆண்டின் 2600ஐயும் 2012ஆம் ஆண்டின் 3770ஐயும் கண்ணாடிக் கேசிங்கில் வைத்து விற்பதும் நடக்கிறது. உங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாவது தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11இல் வாலரன்ட் ஓட வேண்டுமென்றால் டிபிஎம்மும், மெஷின் தொடங்கும்போதே வேண்டாத மென்பொருள் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட்டும் ஒன் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே விடாது. ஆகவே முழு மாடல் எண்ணைக் கேளுங்கள்.

எண்ணின் கடைசியில் 'எஃப்' இருக்கிறதா என்றும் பாருங்கள். 12400எஃப் என்றால் மொனிட்டருக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் புரொசசருக்குள் இல்லை. பொதுவாக எல்லாரும் எஃப் வாங்கிக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்வார்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது சரியான யோசனை. மலையகத்தில் இருப்பவருக்கு நான் அப்படிச் சொல்வதில்லை. கிராபிக்ஸ் கார்ட் (விளம்பரத்தில் ஆர்டிஎக்ஸ் 3050 என்றிருப்பது) பழுதாகி வாரண்டிக்குப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். எஃப் இல்லாத புரொசசர் என்றால் அதுவரை மொனிட்டரை மதர்போர்டில் செருகி, விளையாட்டைத் தவிர மற்ற எல்லா வேலையும் பார்க்கலாம். தங்கச்சியின் ஒன்லைன் வகுப்பு நிற்காது. பழுது கார்டிலா, வேறு எங்காவதா என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

அடுத்தது ஆர்டிஎக்ஸ் 3050. இந்தப் பெயரில் இரண்டு கார்ட் இருக்கிறது. 8 ஜிபி உள்ளது பழையது, 130 வாட் இழுக்கும். 6 ஜிபி உள்ளது 2024இல் வந்தது, 70 வாட்தான். நினைவகம் மட்டும்தான் குறைகிறது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கோர்கள் 2560இல் இருந்து 2304 ஆகக் குறைகின்றன, நினைவகப் பாதை 128 பிட்டில் இருந்து 96 பிட் ஆகிறது. விளையாடும்போது அந்த வித்தியாசம் தெரியும். 8 ஜிபியின் விலைக்கு 6 ஜிபியை வாங்கிவிடக் கூடாது. 6 ஜிபிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். வாலரன்டுக்கு இரண்டுமே தாராளம். வருடா வருடம் வரும் பெரிய விளையாட்டுகளை உயர்ந்த செட்டிங்கில் பார்க்க ஆசை என்றால் இரண்டுமே போதாது. அப்போது 4060 போன்ற ஒன்றை நோக்கித்தான் போக வேண்டும், அதற்கு இந்தக் காசுக்குள் மற்றச் சாமான்களில் கையைக் கடிக்கும்.

ரேம் 16 ஜிபி. ஒரு குச்சியா, இரண்டா? இரண்டு எட்டாக இருந்தால் இரண்டு பாதையிலும் தரவு ஓடும். ஒரே பதினாறாக இருந்தால் ஒரு பாதைதான். கார்ட் தனியாக இருக்கும் மெஷினில் எல்லா விளையாட்டிலும் ஒரே அளவு வித்தியாசம் வராது, சிலவற்றில் நன்றாகத் தெரியும், சிலவற்றில் தெரியவே தெரியாது. கார்ட் இல்லாமல் புரொசசரின் கிராபிக்ஸில் ஓடும் மெஷினுக்கு இரண்டு குச்சி கட்டாயம். இன்னொன்று, 3200 என்று எழுதிய ரேம் வாங்கியிருப்பீர்கள், அது 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். பயோஸில், அதாவது மெஷின் தொடங்கும்போது திறக்கக்கூடிய போர்டின் செட்டிங் பக்கத்தில், எக்ஸ்எம்பி என்ற ஒரு சுவிட்சைப் போட வேண்டும், அவசரத்தில் கட்டுகிறவர் அதைப் போடமாட்டார். என்னிடம் வரும் ரெடிமேட் செட்டுகளில் இது அடிக்கடி காணும் குறை, இரண்டு நிமிட வேலை. எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். என்விஎம்இ என்ற வேகமான வகையாக இருக்கட்டும், பெயர் தெரிந்த கம்பனியாக இருக்கட்டும், அது போதும்.

இப்போது, வீட்டுக் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை. மலையகத்தில் ஒரு மெஷினின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான் என்பது என் அனுபவம். விளம்பரத்தில் 650 வாட் என்றிருக்கிறது, பெயர் இல்லை. பெயர் இல்லாத பவர் சப்ளையின் வாட் எண்ணுக்கு மதிப்பே கிடையாது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன எழுத்து அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் 12 வோல்ட் வரிக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்றிருக்கும். 12ஐ அதனால் பெருக்குங்கள். அதுதான் புரொசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கும் வாட். ஒரு தோட்டத்தில் இருந்து வந்த கேசிங்கில் வெளியே பெரிதாக 750 வாட் என்று சிவப்பு ஸ்டிக்கர். கழற்றிக் கையில் எடுத்தால் பாரமே இல்லை. அட்டவணையில் 12 வோல்டுக்கு நேரே 20 ஆம்பியர், அதாவது 240 வாட். விசிறியின் இடுக்கு வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தேன். கெபாசிட்டர் ஒன்று மேலே உப்பி, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்பதுதான் வீட்டுக்காரரின் முறைப்பாடு. கார்ட் பழுது என்று நினைத்துப் புதுக் கார்ட் வாங்கவே புறப்பட்டிருக்கிறார்.

அந்த ஸ்டிக்கரில் இன்னொரு வரியையும் பாருங்கள், நம் பக்கத்துக்கு அது ரொம்ப முக்கியம். இன்புட் என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் என்றிருக்கிறதா, 200 முதல் 240 என்றிருக்கிறதா? நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். டிரான்ஸ்போமருக்குத் தூரத்தில் இருக்கும் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), சாயந்திரம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் ஓடும்போது என்ன வருகிறது என்று உங்கள் வீட்டு பல்பைப் பார்த்தாலே தெரியும். முழு வீச்சுள்ள, ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) வைத்த பவர் சப்ளை 180க்கு இறங்கினாலும் அசையாது. மற்றது மெஷினை அணைத்துவிடும், அல்லது அரைகுறை மின்சாரத்தில் ஓட்டி மற்றச் சாமானையும் நோகடிக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பனியின் 550 வாட் ஒன்று, பெயர் தெரியாத 750ஐவிட எனக்கு மேல். முத்திரை என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்குத்தான். நீடித்து உழைக்கும் என்பதற்கு அது சாட்சி இல்லை. ஆனாலும் முத்திரை வாங்கும் அளவுக்குச் செய்தவர்கள் மற்றதையும் ஓரளவு கவனித்திருப்பார்கள்.

எல்லாச் சாமானையும் செருகும் மதர்போர்ட் விளம்பரத்திலேயே இல்லை. 12400க்கு எச்610 வகைப் போர்ட் போதும், அதில் தப்பில்லை. பெரும்பாலான எச்610இல் ரேம் ஓட்டை இரண்டுதான் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பெயரே கேள்விப்படாத சீனப் போர்டில், சர்வரில் இருந்து கழற்றிய சியோன் புரொசசரை வைத்து, "12 கோர் கேமிங்" என்று விற்பதும் இருக்கிறது. காசுக்கு வேகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போர்ட் போனால் அதற்கு மாற்று இந்த நாட்டில் தேடிப் பிடிக்க வேண்டும். நம் பக்கத்துக்கு அது வேண்டாம்.

ரெடிமேட் என்றால் கடை கட்டிய பெட்டி ஒன்றுதான் என்றில்லை. எச்பி, டெல், லெனோவோ கம்பனிகளின் கேமிங் டெஸ்க்டொப்பும் இருக்கிறது. அவற்றில் விண்டோஸ் லைசன்ஸோடு வரும், கடை செட்டில் பெரும்பாலும் லைசன்ஸ் இருக்காது, அந்த மதிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் பல மாடல்களில் போர்டும் பவர் சப்ளையும் அந்தக் கம்பனிக்கே உரிய அளவிலும் செருகியிலும் இருக்கும். மூன்று வருடம் கழித்துப் பவர் சப்ளை போனால் ஹட்டனிலோ கண்டியிலோ கிடைக்கும் சாதாரண ஒன்றை மாட்ட முடியாமல் திணற வேண்டியிருக்கும்.

மூன்றாவது வகை, ஒபிஸில் ஓடிய பழைய ஒப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் மெஷின்களை ரீகன்டிஷன் என்று விற்பது. இங்கேதான் 6 ஜிபி 3050இன் நல்ல குணம் வருகிறது. 70 வாட் என்பதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனிப் பவர் வயர் தேவையில்லை, செருகும் இடத்தில் கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். ஆகவே எட்டாவது தலைமுறைக்கு மேற்பட்ட ஐ5 உள்ள, உயரமான டவர் ஒபிஸ் மெஷின் ஒன்றை வாங்கி அதில் இந்தக் கார்டைச் செருகினால் வாலரன்டும் ஜிடிஏவும் அழகாக ஓடும். விண்டோஸ் 11க்கும் தகுதி, லைசன்ஸும் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும், பவர் சப்ளையும் சின்னதானாலும் நேர்மையானது. ஒல்லியான கேசிங் என்றால் குட்டைக் கார்ட்தான் போகும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். நீங்கள் சொன்ன விளையாட்டுகளுக்கு மட்டும் என்றால் விலைக்கேற்ற மதிப்பு அதிகம் உள்ளது இதுதான் என்பது என் எண்ணம். கண்ணாடியும் கலர் லைட்டும் இருக்காது. அது உங்களுக்கு முக்கியம் என்றால் அதிலும் தப்பில்லை, காசு உங்களுடையது.

அப்புறம் வாரண்டி. இங்கேதான் மஸ்கெலியா உள்ளே வருகிறது. 3 வருடம் என்று போட்டிருப்பது எல்லாச் சாமானுக்குமா? பெரும்பாலும் புரொசசர், போர்ட், கார்ட் ஒவ்வொன்றுக்கும் வேறு காலம் இருக்கும், கேசிங்குக்கும் விசிறிக்கும் ஒன்றுமே இருக்காது. பல கடைகளின் பில்லில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று அடியில் அச்சடித்திருக்கும். கருகிய அடையாளம், துரு, உடைவு இருந்தால் வாரண்டி இல்லை என்ற வரியும் கூடவே இருக்கும். மழையும் மின்னலும் உள்ள நம் பக்கத்தில் அந்த வரி எவ்வளவு தூரம் பாயும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கட்டி வாங்கிய செட்டில் கேசிங்கின் பின்பக்கம் ஒரு சீல் ஒட்டியிருக்கும். திறந்தால் வாரண்டி இல்லை என்பார்கள். அப்படியென்றால் ஒரு ரேம் குச்சி போனாலும் முழுப் பெட்டியையும் கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, சாப்பாடு. கண்ணாடிக் கேசிங் முழுசாகத் திரும்பி வருமா என்ற பயம் வேறு. தனித்தனியாக வாங்கிய சாமானில் எது பழுது என்று கழற்றிப் பார்த்து, அதை மட்டும் பெட்டியில் போட்டு கூரியரில் அனுப்பலாம். நீங்களே கட்டுவதன் பக்கம் நான் சாய்வது இதற்காகத்தான். கட்டும்போது மிச்சமாகும் காசு சொற்பம். ஒரு தடவை கையால் கட்டியவருக்கு எதைக் கழற்றி எதைச் சோதிப்பது என்று தெரிந்திருக்கும். டவுனில் இருந்து தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு அதன் விலை, நாலு வருடத்தில் கொழும்புக்கு ஒரு பயணம் மிச்சமானால்கூட வந்துவிடும்.

கட்டுவது கஷ்டமா என்றால், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் ஒரு மத்தியானமும் போதும். பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, இன்டெல் போர்டில் புரொசசர் உட்காரும் குழியில் இருக்கும் ஊசிகள். அவை மயிர் மாதிரி, ஒன்று வளைந்தாலும் வாரண்டி போச்சு. அந்தப் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கி எறியாதீர்கள், வாரண்டிக்குப் போகும்போது கேட்பார்கள். மற்றதெல்லாம் அதனதன் இடத்தில்தான் செருகும், வேறு இடத்தில் போகாது. வெளிநாட்டு வீடியோவில் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்துக்குப் பயந்து கையில் பட்டி கட்டுவார்கள். ஜூலை மழையில் மஸ்கெலியாவின் ஈரக் காற்றில் அது அவ்வளவாகச் சேராது, வேலை தொடங்கும் முன் கேசிங்கின் இரும்பைத் தொட்டுக்கொண்டால் சரி. கட்டி முடித்து, படம் வரவில்லை என்று பதறி எனக்குப் போன் எடுப்பவர்களில் பலர் மொனிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள்.

பெட்டியின் விலையோடு இன்னும் இரண்டு செலவு இருக்கிறது. விளம்பரப் படத்தில் மொனிட்டர் இருக்கும், விலையில் இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். வாலரன்ட் ஆடுகிறவருக்கு 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை படம் மாற்றும்) மொனிட்டரில் பெரிய கார்ட் வீண். கார்டில் ஒரு படி இறங்கி 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் வாங்குவது நல்லது. இரண்டாவது, கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பட்டரியில் ஓட்டும் யூபிஎஸ். 650 விஏ என்று எழுதிய சாதாரண ஒன்று கொடுப்பது சுமார் 360 முதல் 390 வாட் வரைதான். 3050 செட்டுக்கு அது போதும், சேவ் பண்ணி அணைக்க நேரம் கிடைக்கும். பெரிய கார்டுக்கு அது போதாது. யூபிஎஸ் மின்னலைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம், ட்ரிப் சுவிட்சும் தடுக்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் சாயந்திர இடி தொடங்கினால் பிளக்கையே கழற்றுங்கள். நெட் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள், டெலிபோன் கம்பி வழியாக ரவுட்டருக்கு வந்து அங்கிருந்து போர்டைச் சுட்ட கேஸ்கள் இங்கே நிறைய. இன்னொரு எதிரி விறகடுப்புப் புகை. தூசியோடு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் தார் மாதிரிப் படிந்துவிடும், பிரஷ் போட்டாலும் வராது. குசினிச் சுவருக்கு அடுத்த பக்கம் மெஷினை வைக்காதீர்கள். நம் குளிர் மெஷினுக்கு நல்லதுதான், அந்த வகையில் தண்ணீர்க் கூலருக்குக் காசு கொட்ட வேண்டிய தேவையே இல்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. யூஸ்ட் கார்ட் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தின் முறை மாறியதும், அதுவரை அந்த நாணயத்தைச் சம்பாதிக்க இரவு பகலாக ஓட்டிய, அதாவது மைனிங் செய்த கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன. ஒரு கார்ட் மைனிங்கில் ஓடியதா, இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று வெளியே பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள். செய்யக்கூடியது, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு அது சொல்லும் பெயரும் கோர் எண்ணிக்கையும் சரியா என்று பார்ப்பதும், அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்ப்பதும்தான். பழைய கார்டின் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்ததெல்லாம் அந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

விலையும் அப்படித்தான். 2021இல் கார்ட் தட்டுப்பாடு வந்தபோது, பல நாடுகளில் கார்டைத் தனியாக வாங்குவதைவிட முழு மெஷினாக வாங்குவதே மலிவாக இருந்தது. 2022இல் நம் ரூபாய் விழுந்து டொலர் 200இல் இருந்து 360 பக்கம் போனபோது, பழைய ஸ்டொக்கில் கட்டி வைத்த செட்டுகள்தான் லாபம். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கு நினைவகம் இழுபட்டு ரேம் விலை எகிறியதும் இதே வகை. ரேம் பழைய விலையில் உள்ளே இருக்கும் ஒரு செட் கிடைத்தால், மற்றச் சாமானும் சரியென்றால், கட்டுவதைவிட அதை எடுப்பது புத்தி. ஆகவே கட்டினால்தான் எப்போதும் மலிவு என்ற விதி ஒன்றும் இல்லை, வாங்கும் வாரத்தில் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, உங்கள் இடத்தில் நான் என்ன செய்வேன்? முதலில் அந்தக் கடைக்கு ஒரு வட்ஸ்அப் அனுப்புவேன்: புரொசசரின் முழு எண், போர்டின் மாடல், ரேம் எத்தனை குச்சி, எஸ்எஸ்டி கம்பனி, கார்ட் 6 ஜிபியா 8 ஜிபியா, பவர் சப்ளையின் பெயரும் அதன் ஸ்டிக்கர் படமும், சீலை உடைத்தால் வாரண்டி போகுமா. நல்ல கடை அரை மணியில் எல்லாவற்றுக்கும் பதில் போடும். "அதெல்லாம் நல்ல சாமான் தம்பி, வந்து பாருங்க" என்று பதில் வந்தால் அங்கே போகவே வேண்டாம். வந்த பதிலை வைத்து ஒவ்வொன்றின் விலையையும் வேறு மூன்று கடைகளின் பக்கத்தில் பார்த்துக் கூட்டுங்கள். செட் விலை அந்தத் தொகைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்து, பவர் சப்ளையும் தேறினால் எடுங்கள். பவர் சப்ளை மட்டும் தேறவில்லை என்றால், வித்தியாசக் காசைக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எடுப்பதாக இருந்தாலும் சீல் ஒட்டாமல், காலிப் பெட்டிகள் அத்தனையையும் சேர்த்துக் கேளுங்கள். பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் எண்ணும் வாரண்டிக் காலமும் தனித்தனியாக இருக்க வேண்டும். பில் தர மறுத்தாலோ எழுதியதை மீறினாலோ நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம். கடையிலேயே ஓட வைத்து, சிபியு-இசட்டிலும் (புரொசசர், ரேம் விவரம் காட்டும் மென்பொருள்) ஜிபியு-இசட்டிலும் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கார்டைக் கழற்றித் தரச் சொல்லி, அதன் பெட்டியில் வைத்துப் பையில் எடுத்து வாருங்கள். கேசிங்கைப் போர்ட் கீழே இருக்கும்படி படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும், கார்டைக் கழற்றாமல் நிமிர்த்தி வைத்தால் வளைவுகளில் ஆடி ஆடிக் கார்டின் ஓட்டை பிளந்துவிடும். வீட்டுக்கு வந்து கார்டை நீங்களே செருகினால், கட்டுவதில் பாதி கற்றுக்கொண்டது மாதிரித்தான். கடையின் பதில் வந்ததும் போர்ட் மாடலையும் பவர் சப்ளை ஸ்டிக்கரையும் இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.